தட்டைப் பக்கம்

செடி வெட்டும் ஆறு கத்தரிகளிலும் சாளை மீன் நெய் வாடை அடித்தது.

ஆவுடைத்தாய் ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். கீழே வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். அதையும் வைத்தாள். அவளோடு வேலைக்கு வந்த நான்கு பெண்களும் வரப்பில் நின்றார்கள். வெள்ளிக்கிழமை. காலை மணி ஏழு ஆகவில்லை.

"அண்ணாச்சி, இதுல என்னத்தப் பூசியிருக்கிய?"

"சாளை நெய்," என்றான் ஞானப்பிரகாசம். "இரும்புக்கு அத மாதிரி வேற கெடையாது. எங்க ஊர்ல வள்ளத்துக்கே அதத்தான் பூசுவோம். உப்புத்தண்ணி ஒண்ணும் செய்யாது."

"இங்கன ஏது உப்புத்தண்ணி?"

அதற்குள் தேவமணி குறுக்கே புகுந்தாள். கூட்டத்தில் வயது குறைந்தவள், வாய் நீண்டவள்.

"பங்குனியில பூவ மார்க்கெட்டுக்குக் கொண்டு போனா, எந்தக் கடல்ல புடிச்ச மல்லின்னு கேப்பான்."

பெண்கள் சிரித்தார்கள். ஆவுடைத்தாய் சிரிக்கவில்லை.

"என் மவன் மாலை போட்டிருக்கான் அண்ணாச்சி. கார்த்திகை பொறந்ததுலேருந்து வீட்டுல மீன் கெடையாது. இத நாள் பூரா கையில புடிச்சிட்டு நான் எப்படி அடுப்படிக்குள்ள போவேன்?"

அவன் மனைவி லூசி எருக்கூடையை இறக்கிவிட்டு வந்தாள்.

"ராத்திரியே சொன்னேன், தேங்காண்ணெ போதும்னு. கேட்டாத்தான. எஞ்சின்காரருக்கு எல்லாம் தெரியும்."

அவள் ஆறையும் முந்தானையில் வாரிக்கொண்டு வாய்க்காலுக்குப் போனாள். சாம்பல், புளி, துணி சோப்பு. ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். மோந்து பார்த்தாள். மறுபடி தேய்த்தாள். துடைத்து, தேங்காயெண்ணெய் தொட்டு, கொண்டுவந்து ஆவுடைத்தாயிடம் நீட்டினாள்.

"இப்பம் பாருங்க மைனி."

ஆவுடைத்தாய் மோந்தாள். "சரி. ஒரு மணி நேரம் போச்சு."

*

புன்னைக்காயலில் இருபத்தாறு வருஷம் வள்ளத்து எஞ்சின் பார்த்தவன் ஞானப்பிரகாசம். முழங்கால் தேய்ந்தபின் மணலில் நடக்க முடியவில்லை. லூசிதான் ஆற்றோரம் போகலாம் என்றாள். ஆழ்வார்திருநகரிக்குக் கிழக்கே முப்பது சென்ட் மல்லித் தோட்டம், குத்தகைக்கு. நிலம் தில்லைநாயகம் பிள்ளையுடையது. பாளையங்கோட்டையில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் சார்வாள்.

முதல் வருஷம் செடியை வெட்டிவிடும் கவாத்து என்ற ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. செடி கொடியாகப் படர்ந்தது. பூ இல்லை. இரண்டாம் வருஷம் இரண்டு ஆட்களை விட்டு அரிவாளால் வெட்டினார்கள். குச்சி குச்சியாகப் பிளந்தது. பிளந்த இடத்திலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்தது. பூ சொல்லும்படி இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சார்வாள் வந்திருந்தார். வரப்பைவிட்டு இறங்கவில்லை.

"ரெண்டு வருஷம் பாத்துட்டேன் வே. பக்கத்து வயக்காரன் பூதத்தான் வாழக்கன்னு தோண்டி வச்சிட்டுக் காத்துட்டிருக்கான். இந்தத் தண்ணி முறைக்குள்ள கவாத்து முடிஞ்சு, எரு வச்சிருந்தா மல்லி இருக்கட்டும். ஒரு செடி மிச்சம் இருந்தாலும் அடுத்த தண்ணிக்கு வாழதான். அறுநூறு செடி. எனக்கு எண்ணத் தெரியும்."

வாய்க்காலில் அவர்கள் முறை திங்கட்கிழமை விடியற்காலம். அதைவிட்டால் பதினைந்து நாள். பதினைந்து நாள் பிந்தினால் பூ பங்குனி முகூர்த்தத்தைத் தவறவிடும்.

அதனால்தான் அவன் பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போனான். நான்கு கடை ஏறி இறங்கினான். ஒவ்வொரு கத்தரியையும் கையில் பிடித்து முப்பது தடவை அமுக்கிப் பார்த்தான். கடைக்காரர் நாற்காலி போட்டுக் கொடுத்தார். கடைசியில் சிவப்புப் பிடி போட்ட ஆறு. அவன் கைக்கு அச்சாக இருந்தது. ஊருக்கு வந்ததும் கல்லை எடுத்துவைத்து ஒரு முழு நாள் தீட்டினான்.

*

செடியை முதலில் கயிற்றால் சேர்த்துக் கட்ட வேண்டும். முழங்கால் உயரத்தில் வெட்ட வேண்டும். உள்ளே காய்ந்த குச்சி, நோயில் கருத்த குச்சி எல்லாம் போக வேண்டும். மிஞ்சிய இலையை உருவ வேண்டும். தூரைச் சுற்றி எரு. அதன்பின் தண்ணீர்.

ஞானப்பிரகாசத்தையும் சேர்த்து ஆறு பேர் ஆறு வரிசையில் குனிந்தார்கள். ஆவுடைத்தாய் முதல் செடியில் கத்தரியை வைத்து அமுக்கினாள். குச்சி மடங்கி இரண்டு இரும்புக்கும் நடுவில் புகுந்துகொண்டது. இழுத்தாள். தோல் நாராக உரிந்தது. இன்னொரு குச்சி. அதுவும் மடங்கியது. அடுத்த வரிசையைப் பார்த்தாள். தேவமணி இரண்டு கையாலும் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள்.

"நிப்பாட்டுங்கட்டி! எல்லாரும் நிப்பாட்டுங்க!"

ஞானப்பிரகாசம் ஓடிவந்தான். முழங்கால் வலியோடு ஓடுவதற்கு அவன் ஒரு முறை வைத்திருந்தான். ஒரு கால் ஓடும், ஒரு கால் வரும்.

"என்ன?"

"பாருங்க." வெட்டிய நுனியை அவள் காட்டினாள். மென்று துப்பிய கரும்பு மாதிரி இருந்தது. "இதுக்கு அருவாளே தேவல. இது இப்படியே காயும். போன வருஷம் காஞ்ச மாதிரி."

"கத்தரி மொண்ணையா? இருக்காது." அவன் அவள் கையிலிருந்து வாங்கினான். முன்கையில் வைத்து இழுத்தான். ஒரு விரல் அகலத்துக்கு முடி போய்த் தோல் தெரிந்தது. "பாரும்மா! சவரம் பண்ணலாம்!"

"சவரம் பண்ணவா வாங்கினிய?"

"ரெண்டு பக்கமும் தீட்டியிருக்கேன். ஒண்ணொண்ணுக்கும் ஒரு மணி நேரம்."

"என்னது?"

"ரெண்டு பக்கமும்."

ஆவுடைத்தாய் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் பையைத் திறந்தாள். வெற்றிலைப் பொட்டலத்துக்கு அடியிலிருந்து ஒரு பழைய கத்தரியை எடுத்தாள். ஒரு பிடி உடைந்து துணி சுற்றியிருந்தது. முன்பு வேலை பார்த்த நாற்றுப் பண்ணையில் கொடுத்தது.

"இது உடஞ்சிட்டு, நாளெல்லாம் தாங்காது. ஆனா வெட்டும்."

அவள் ஒரு குச்சியில் வைத்தாள். கிச். குச்சி விழுந்தது. வெட்டுவாய் பச்சையாக, வழவழவென்று, ஒரு பொட்டு மாதிரி இருந்தது.

"ஏன் வெட்டுது, ஏன் வெட்டலன்னு எனக்குச் சொல்லத் தெரியாது. நான் ஒரு பக்கந்தான் தீட்டுவேன். மத்தப் பக்கம் கல்லையே காட்ட மாட்டேன்."

ஞானப்பிரகாசம் அதை வாங்கி வானத்துக்கு எதிரே பிடித்தான். பைய மூடினான். இரும்பு இரும்பை உரசிக்கொண்டு இறங்கியது. இடையில் வெளிச்சம் இல்லை. தன் கத்தரியைப் பிடித்தான். மூடினான். நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. தலைமுடி அகலம்.

மீன் கத்தி, வலைக் கத்தி, கயிற்றுக் கத்தி. அவன் கை அறிந்த எல்லாக் கத்திக்கும் இரண்டு பக்கம் உண்டு. ஒற்றைப் பக்கம் தீட்டினால் கடற்கரையில் சிரிப்பார்கள். இது கத்தி இல்லை. இது வேறு.

"லூசி!" என்று கத்தினான். "லூசி! வால்வு!"

லூசி எருக்கூடையோடு நின்றாள். "என்ன வால்வு?"

"இது கத்தி இல்லட்டி, வால்வு! வால்வு போயி சீட்டுல உக்காரணும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் எஞ்சின் இழுக்காது. இந்தத் தட்டைப் பக்கந்தான் சீட்டு. நான் அதத் தீட்டிக் கெடுத்துட்டேன். ஆறையும் கெடுத்துட்டேன்!"

ஆறையும் கெடுத்தவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அந்தப் பெண்கள் பார்த்ததில்லை.

"கிறுக்குப் புடிச்சிட்டா அண்ணாச்சிக்கு?" என்றாள் தேவமணி.

"சரிபண்ண முடியுமா, அதச் சொல்லுங்க," என்றாள் லூசி.

"வால்வ நான் எத்தன தேச்சிருக்கேன்! தட்டைப் பக்கத்த மறுபடி தட்டையாக்கணும். அவ்வளவுதான்."

போனை எடுத்தான். பேட்டையில் தேவதாசன் பட்டறை வைத்திருந்தான். மச்சான் முறை. தளம் தேய்க்கும் இயந்திரம் இருக்கிறது. அரை மணி நேர வேலை. ஒலிபெருக்கியைப் போட்டான். எல்லோரும் கேட்டார்கள்.

"மச்சான், ஆறு பிளேடு கொண்டாரேன். உடனே தேச்சுத் தரணும்."

"வாரும், வந்து பட்டறையில படுத்துத் தூங்கும். காலையிலேருந்து கரண்டு இல்ல. மாசாந்திர பராமரிப்பு. சாயங்காலம் அஞ்சு மணி ஆவும். நேத்து வேலையே கெடக்கு, உமக்கு நாளைக்குத்தான்."

"ஏலே, அவசரம்லே!"

"கரண்டாபீசுல போயி அவசரம்னு சொல்லும்."

ஞானப்பிரகாசம் போனைப் பையில் போட்டான். போய் வர மூன்று மணி நேரம், அங்கே காத்திருப்பு வேறு.

"அப்பம் ஞாயித்துக்கிழமையும் சேத்து..." என்று ஆரம்பித்தான்.

"முடியாது," என்றாள் லூசி.

"ஒரு நாள் லூசி."

"ஞாயித்துக்கிழமை எங்க அப்பா கடல்ல எறங்கினதில்ல. நீங்களும் எறங்கினதில்ல. மண்ணுக்கு வந்ததும் மாறிட்டா? நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள முடிக்கணும். என்ன வேணும் சொல்லுங்க."

அவன் யோசித்தான். "எமரித் தாள் இருக்கு. வால்வு தேய்க்கிற பசை இருக்கு. சமமா ஒரு தளம் வேணும். கண்ணாடி. நல்ல கண்ணாடி."

லூசி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். ஐந்து நிமிட நடை. திரும்பி வந்தபோது கையில் இரண்டு முழ நீளக் கண்ணாடி இருந்தது.

"ஏது?"

"இருதய ஆண்டவர் படத்துலேருந்து எடுத்தேன்."

"லூசி!"

"ரெண்டு நாளைக்குக் கண்ணாடி இல்லாம பாத்துக்கிடும்னு சொல்லிட்டு வந்திருக்கேன். ஒடச்சிராதிய."

*

பம்புசெட் அறையின் சிமெண்டுத் தரையில் பலகை, பலகை மேல் கண்ணாடி, கண்ணாடி மேல் எமரித் தாள். ஞானப்பிரகாசம் மரையைக் கழற்றி அலகை எடுத்தான். தட்டைப் பக்கத்தைக் கீழே வைத்து, மூன்று விரலால் அழுத்தி, எட்டுப் போட்டான். எட்டு, எட்டு, எட்டு. எடுத்துப் பார்த்தான். நடுவில் சாம்பல் நிறம். ஓரத்தில், அவன் தீட்டிக் கெடுத்த இடத்தில், இன்னும் பளபளப்பு. அந்தப் பளபளப்பு போக வேண்டும்.

வெளியே பெண்கள் சும்மா இருக்கவில்லை. ஆவுடைத்தாய் கணக்குப் போட்டிருந்தாள். வெட்டத்தான் முடியாது, கட்டலாம். அறுநூறு செடிக்கும் இன்றே கயிறு. முடிந்தவரை இலையும் இன்றே. நாளைக்கு வெட்டு மட்டும். குனிந்தவர்கள் குனிந்தபடி போனார்கள். வெயில் ஏறியது. மேற்கே மலையின் மேல் மட்டும் கருமேகம் நின்றது. ஆற்றங்கரைக்கு ஒரு துளி வரவில்லை.

பத்து மணிக்கு லூசி சோறு கொண்டுவந்தாள். ஒரு தூக்கில் சீலா மீன் குழம்பு. இன்னொன்றில் உளுந்தஞ்சோறு, தேங்காய்த் துவையல்.

"இது உங்களுக்கு மைனி. தனிச் சட்டியில பொங்கினது. மீன் கரண்டி படல."

ஆவுடைத்தாய் தள்ளிப்போய் உட்கார்ந்தாள். மீன் வாடை காற்றோடு வந்தது.

"நல்ல மீனா?" என்று கேட்டாள்.

"சாப்பிடாதவங்களுக்கு எதுக்குக் கேள்வி?" என்றாள் தேவமணி, முள்ளைச் சப்பியபடி.

"மாலை கழட்டுற அன்னைக்கு இதே மீனு வேணும் மைனி," என்றாள் ஆவுடைத்தாய் லூசியிடம்.

"வீட்டுக்கே கொண்டாந்து தாரேன்."

ஞானப்பிரகாசம் சாப்பிட வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு முதல் அலகு முழுக்கச் சாம்பல் நிறமாக ஆனது. ஓரம் வரை ஒரே நிறம். பசையைத் தடவி இன்னொரு நூறு எட்டு போட்டான். துடைத்துப் பூட்டினான். மரையை இறுக்கினான், தளர்த்தினான். திறந்து விட்டால் அலகு தன் கனத்திலேயே பைய இறங்க வேண்டும். இறங்கியது. வானத்துக்கு எதிரே பிடித்தான். வெள்ளைக் கோடு இல்லை.

"ஆவுடைத்தாய்! ஒருக்கா வாருங்க!"

அவள் வந்து வாங்கினாள். குச்சியில் வைத்தாள். கிச்.

இருவரும் வெட்டுவாயைப் பார்த்தார்கள். பச்சைப் பொட்டு.

"ம்," என்றாள். மறுபடி வெட்டினாள். கிச். நான்காவது வெட்டில் கையை உதறினாள்.

"வெட்டுது. ஆனா இது எனக்கு ஆவாது அண்ணாச்சி."

"ஏன்?"

"கை எட்டல. முழுசாத் திறந்தா என் விரலு பிடியப் புடிக்க மாட்டேங்குது. நுனி விரலால அமுக்கினா நூறு செடியில கை செத்துப்போவும்." அவள் பலகையின் மேல் கையை விரித்து வைத்தாள். "உங்க கைய வையுங்க பக்கத்துல."

வைத்தான். அவள் கை அவன் கையில் முக்கால்.

"கடையில யாரு கைக்கு அளவு பாத்திய?"

"என் கைக்கு," என்றான்.

"வெட்டப் போறது அஞ்சு பொம்பள."

அவன் தலையில் அடித்துக்கொண்டான். அடித்த கையோடு எழுந்து பெட்டியைத் துழாவினான். பழைய டீசல் குழாய் ஒரு துண்டு கிடந்தது. வளையமாக அறுத்தான். இரண்டு பிடியையும் சேர்த்து மாட்டினான். கத்தரி இப்போது முக்கால் வாய்தான் திறந்தது. பிடி ஒன்றையொன்று நெருங்கி நின்றது.

ஆவுடைத்தாய் பிடித்தாள். கிச், கிச், கிச். கை உதறவில்லை.

"எஞ்சின்காரரு எஞ்சின்காரருதான்," என்றாள்.

அவன் சிரித்துக்கொண்டே இரண்டாவது அலகை எடுத்தான். விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஆறும் முடிந்தன; பெண்களுடைய ஐந்துக்கும் வளையமும் மாட்டியாயிற்று. விரல் நுனி மூன்றும் தோல் உரிந்திருந்தன. கண்ணாடி உடையவில்லை.

*

சனிக்கிழமை. ஆறரை மணிக்கு ஆறு கத்தரியும் இறங்கின.

சத்தம்தான் முதலில். கிச், கிச், கிச் என்று வரிசை வரிசையாக. மழைத் தவளை மாதிரி என்றாள் தேவமணி. செடி ஒவ்வொன்றும் உருண்டையாகக் கட்டி நிறுத்தியிருந்தது. சுற்றி வந்து வெட்டினால் மேல்பாதி தலைமுடி மாதிரிக் கழன்று விழுந்தது. உள்ளே கையை விட்டுக் கருத்த குச்சியை எடுத்தார்கள். கருத்த குச்சி வெட்டிய கத்தரியை அடுத்த செடிக்குக் கொண்டுபோகும் முன் டெட்டால் துணியில் துடைக்க வேண்டும். ஆவுடைத்தாய் துணியை ஒவ்வொருத்தி இடுப்பிலும் செருகியிருந்தாள். துடைக்காதவளை இரண்டு வரிசை தள்ளியிருந்தே கண்டுபிடித்தாள்.

"தேவமணி! தொடச்சியா?"

"தொடச்சேன்!"

"பொய் சொல்லாத! சத்தத்துல இடைவெளி இல்ல!"

வரிசை முடியும்போதெல்லாம் ஞானப்பிரகாசம் கத்தரிகளை வாங்கினான். சரிவுப் பக்கத்தில் கல்லை ஒரு இழுப்பு. தட்டைப் பக்கத்தில் கட்டைவிரலால் ஒரு தடவல், பிசிறு இருந்தால் போக. ஒரு சொட்டு எண்ணெய். திருப்பிக் கொடுத்தான். லூசி பின்னாலேயே எரு வைத்துக்கொண்டு போனாள். மொத்தம் இருபது வரிசை, வரிசைக்கு முப்பது செடி. ஒரு மணிக்குப் பன்னிரண்டு வரிசை மொட்டை. சோற்றை நின்றபடி தின்றார்கள். இரண்டு மணிக்குப் பதின்மூன்று.

"ஏழு இருக்கு. அஞ்சரைக்குள்ள முடிஞ்சிரும்," என்றாள் ஆவுடைத்தாய். "அஞ்சே முக்கால் பஸ்ஸப் புடிச்சிரலாம்."

வரப்பில் பூதத்தான் வந்தான். சைக்கிளைப் போட்டுவிட்டு வந்தான். கட்டை குட்டையான ஆள். வழக்கமாக வரப்பில் நின்று, "மல்லி எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போவான். இன்று கேட்கவில்லை.

"மைனி, தண்ணி வருது."

"எங்க?"

"வாய்க்கால்ல. மலையில நல்ல மழை. அணை நெறஞ்சு முன்கூட்டியே தொறந்துட்டானுவ. மேல மூணு பேரு வயல்ல ஏற்கெனவே தண்ணி நிக்கி, வேண்டாம்னு விட்டுட்டானுவ. இப்பம் உங்க முறை."

"திங்கக்கெழமைன்னு சொன்னாங்களே!"

"தண்ணிக்கிட்ட யாரு சொல்ல? அன்னா பாருங்க."

வாய்க்காலின் திருப்பத்தில் பழுப்பு நுரை தெரிந்தது. சருகை முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது.

மடையை அடைத்துக்கொள்ளலாம். அடைத்தால் தண்ணீர் கீழே போய்விடும். முறையும் போய்விடும். எரு வைக்காத செடிக்குத் தண்ணீர் போனாலும் பயன் இல்லை. சேற்றில் எரு நிற்காது. லூசி நான்கு எட்டு நடந்தபடி யோசித்தாள். பிறகு மம்பட்டியை எடுத்தாள்.

"மைனி! நான் ஒண்ணாம் வரிசையிலேருந்து விடுதேன். ஒரு வரிசை நெறைய ஏழு எட்டு நிமிசம். பதிமூணு வரிசை. ஒண்ணரை மணி நேரம் உங்களுக்கு. அதுக்குள்ள முன்னால ஓடிருங்க!"

"ஒண்ணரை மணிக்கு ஏழு வரிசையா?"

"பைய விடுதேன். எவ்வளவு முடியுமோ அவ்வளவு பைய விடுதேன். ஓடுங்க!"

தண்ணீர் வந்தது. லூசி முதல் வரிசையின் வாயை வெட்டித் திறந்தாள். தண்ணீர் உள்ளே பாய்ந்து வெட்டிய செடிகளின் தூரைத் தொட்டது. எரு கருத்தது. அவள் பாதி மண்ணை வாயில் போட்டுத் தண்ணீரை ஒடுக்கினாள். நிறைந்ததும் அடைத்தாள். அடுத்ததைத் திறந்தாள்.

கத்தரிச் சத்தம் இப்போது தவளை மாதிரி இல்லை. ஆலங்கட்டி மழை மாதிரி இருந்தது. தேவமணிகூட வாயடிக்காமல் வெட்டினாள். பதினான்கு முடிந்தது. பதினைந்து முடிந்தது. அப்போது ஒரு சத்தம், டிங் என்று.

"சுருள் போச்சு!" என்று தேவமணி கத்தினாள். "சுருள் தெறிச்சிட்டு!"

பிடிகளுக்கு நடுவில் இருக்கும் சுருள் கம்பி. குப்பைக் குவியலுக்குள் எங்கோ விழுந்துவிட்டது. அது இல்லாமல் கத்தரி தானாகத் திறக்காது. ஞானப்பிரகாசம் ஒரு கணம் குனிந்து தேடினான். நிமிர்ந்தான். தன் கத்தரியை அவள் கையில் வைத்தான்.

"நீ வெட்டு. வளையம் இல்ல, பெரிசா இருக்கும், பரவால்லியா?"

"தாங்க, தாங்க!"

அவன் எருக்கூடையைத் தூக்கினான். லூசி மடையில் இருந்தாள். எரு வைக்க ஆள் இல்லை என்பதே அப்போதுதான் அவனுக்குத் தோன்றியது. ஒரு கால் ஓட, ஒரு கால் வர, செடிக்கு அரைக் கூடை என்று கொட்டிக்கொண்டே போனான். குவியலுக்கும் வரிசைக்கும் நடுவில் எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

பூதத்தான் வரப்பில் கைகட்டி நின்றான்.

"ஏ வாழக்காரரே," என்றாள் தேவமணி, தலையைத் தூக்காமல். "சும்மா நிக்கதுக்கு ஒரு கூடை அள்ளும்!"

"நான் எப்படிட்டீ அள்ளுவேன்? நீங்க தோத்தா எனக்கு நெலம். நீங்க செயிச்சா எனக்கு ஒண்ணுமில்ல."

"பொறவு எதுக்கு ஓடிவந்து தண்ணி வருதுன்னு சொன்னீரு?"

"அது வேற," என்றான். "தண்ணி வந்தா சொல்லணும்லா."

பதினேழு முடிந்தது. லூசி பன்னிரண்டாவதில் இருந்தாள். பதினெட்டு பாதி. லூசி பதினாலு. மேலே வாய்க்கால் நிறைந்து தளும்பியது. அவள் வேகம் இனி அவள் கையில் இல்லை. ஒடுக்கினால் கரை உடையும். இரண்டு வாயை ஒன்றாகத் திறந்தாள்.

"மைனி, நிக்க மாட்டேங்குது! வருது!"

"வரட்டும்! வரட்டும்!"

ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. சார்வாள் வெள்ளை வேட்டி, கைக்குடையோடு இறங்கினார். தண்ணீர் முன்கூட்டியே திறந்த செய்தி அவருக்கும் போயிருந்தது. வரப்பில் பூதத்தான் பக்கத்தில் வந்து நின்றார். யாரும் வணக்கம் சொல்லவில்லை. கத்தரிகள் நிற்கவில்லை.

கடைசி வரிசை. ஐந்து பெண்களும் ஒரே வரிசைக்குள் நுழைந்தார்கள். ஆளுக்கு ஆறு செடி. லூசி பத்தொன்பதாவதை அடைத்தாள். தண்ணீர் அடைப்பின் மேல் ஏறி, தானாகவே இருபதாவதின் வாயில் கசிந்தது. மம்பட்டியைக் குறுக்கே வைத்து அதன் மேல் கால் வைத்து நின்றாள். கணுக்காலைச் சுற்றித் தண்ணீர் சுழித்தது.

"மைனி!"

"நாலு செடி!"

மண் கரைந்தது. தண்ணீர் மம்பட்டியைச் சுற்றிக்கொண்டு ஓடியது. முதல் செடி, இரண்டாம் செடி என்று தொட்டுக்கொண்டு போனது. அதற்கு முன்னால் ஞானப்பிரகாசம் கூடையோடு போனான். அவனுக்கு முன்னால் கத்தரிகள். கிச். கிச். தேவமணி முடித்து நிமிர்ந்தாள். மற்ற மூவரும் நிமிர்ந்தார்கள். ஆவுடைத்தாய் மட்டும் கடைசிச் செடியின் உள்ளே கைவிட்டுக் கருத்த குச்சி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"போதும்க்கா, விடுங்க!" என்றாள் தேவமணி.

"போதும்னா போதுமா? கருப்ப உள்ள விட்டுட்டா?"

கிச். குச்சியை வரப்பில் வீசினாள். ஞானப்பிரகாசம் கூடையைக் கவிழ்த்தான். தண்ணீர் வந்து எருவைத் தொட்டது. அவன் கையும் அங்கேதான் இருந்தது.

தில்லைநாயகம் பிள்ளை செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக வரப்பிலிருந்து இறங்கினார். கடைசி வரிசை நெடுகச் சேற்றில் நடந்தார். ஒரு செடியின் முன் குனிந்து வெட்டுவாயைக் கட்டைவிரலால் தடவினார். அடுத்த செடியிலும் தடவினார். பிளவு இல்லை.

"சரி," என்றார்.

லூசி மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் சேறு.

"என்ன சரி? வாயத் தொறந்து சொல்லுங்க சார்வாள். மல்லியா, வாழையா?"

"எப்பம் பூக்கும்?"

"மாசி கடைசியில மொட்டு தெரியும்," என்றாள் ஆவுடைத்தாய்.

சார்வாள் பூதத்தானைத் திரும்பிப் பார்த்தார். பூதத்தான் வானத்தைப் பார்த்தான்.

"மல்லிதான்மா," என்றார்.

தேவமணிதான் முதலில் குலவை போட்டாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஆவுடைத்தாய் கத்தரியை உயரத் தூக்கிக்கொண்டு போட்டாள். லூசியும் போட்டாள். அவளுடையது கடற்கரைக் குலவை, மூச்சு முடியும்வரை நீண்டது. ஞானப்பிரகாசம் கவிழ்ந்த கூடையின் மேல் உட்கார்ந்து, தோல் உரிந்த விரல்களைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு சிரித்தான். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. யாருக்கும் அது நினைவில்லை.

"மைனி," என்று வரப்பிலிருந்து பூதத்தான் கூப்பிட்டான். "சந்தோசப்பட்டது போதும். மடையத் திருப்புங்க. கீழ என் வாழ ரெண்டு வாரமாக் காயுது."

லூசி போனாள். இரண்டு காலையும் அகட்டி நின்று மம்பட்டியை ஓங்கினாள். ஒரே வெட்டு. கரை திறந்தது. தண்ணீர் மல்லியை விட்டுத் திரும்பி, சருகையும் நுரையையும் சுமந்துகொண்டு, கீழே வாழைக்குள் ஓடியது.